அப்பாவின் இடது கால்

"கிளட்ச்" என்ற வார்த்தையைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கும் சகோதரிகளே, ஒரு நிமிஷம் பொறுங்கள்! கதாநாயகி எங்கும் ஓடிப்போய்விட மாட்டாள். போன வாரம் கிணற்றடியில் நின்றவள் இந்த வாரமும் அங்கேயேதான் நிற்பாள். அதற்குள் எங்கள் வீட்டு மோட்டார் சமாசாரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மோட்டார் சமாசாரம் என்றேனே தவிர, இதில் என் அப்பா வருகிறார்; அம்மா வருகிறாள்; ஆடிப் பெருக்கன்று அந்தி நேரத்தில், காலித் தூக்குப் பாத்திரங்களும் ஓர் அத்தையுமாகக் காவேரிக் கரைச் சாலையில் நாங்கள் நின்ற அழகும் வருகிறது. பலத்தைச் சம்பாதிப்பது சுலபம், அதைத் தாங்குவதற்கு வழி செய்வதுதான் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்கு என் இரண்டு மாதச் சம்பளம் செலவாயிற்று. உங்களுக்கு இலவசமாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு அம்பாஸடர் 1968-ம் வருஷத்து மாடல், மார்க் டூ. நான் பிறப்பதற்கு முன்பே, 1983-ல், அப்பா அதைச் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். அப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஹைஸ்கூல் வாத்தியார் உத்தியோகம். திருவையாற்றுக்கு அப்பால் ஆறு மா நிலம். அறுவடைக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். பிறந்த பத்தாம் நாள் நான் வீட்டுக்கு வந்ததும் அதில்தான். இங்கிலாந்தில் 'மாரிஸ் ஆக்ஸ்போர்டு' என்ற பெயரில் ஓடிய வண்டி, வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊருக்கு வந்து, 1958-ல் அம்பாஸடர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014 வரைக்கும் அங்கே அது தயாராகிக் கொண்டிருந்தது. இவ்வளவு காலம் ஒரே முகத்தோடு இருந்த கார்கள் உலகத்திலேயே அதிகமில்லை.

இப்போது அப்பாவுக்கு வயது 76. இடது முழங்காலில் வாதம். கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், இடது காலுக்கு என்று ஒரே ஒரு வேலைதான் உண்டு. அது கிளட்ச் மிதிப்பது. இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் அப்பா வண்டியைக் கொட்டகையில் நிறுத்திப் படுதாவைப் போர்த்தினார். சாவியை அம்மாவிடம் கொடுத்து, "உள்ளே வை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் தினம் காலையில் பேப்பர் படிப்பதற்கு நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

நான் சென்னையில் பத்திரிகை உத்தியோகம் பார்க்கிறவள். மாதம் ஒரு தடவை ஊருக்குப் போவேன். அந்த நாற்காலியைப் பார்க்கப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை.

'வண்டிக்குப் புது எஞ்சின் போட்டுவிடுவோம். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிடும்' என்று தீர்மானித்தேன்.

இந்த யோசனை என் மூளையில் உதித்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில் அம்பாஸடர் கம்பெனிக்காரர்களே செய்த காரியம்தான். பழைய 1489 சி.சி. எஞ்சினுக்குச் சுமார் 50 குதிரை பலம். அதை எடுத்துவிட்டு, ஜப்பானிய 'இஸுஸு' வடிவத்தில் 1817 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். அதற்கு 75 குதிரை. அதோடு ஐந்து கியர் கொண்ட புதிய கியர் பெட்டியையும் சேர்த்தே வைத்தார்கள். 'சேர்த்தே' என்ற வார்த்தையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை!

அப்படிப்பட்ட ஓர் எஞ்சின், காயலான் கடைக்குப் போக இருந்த வண்டியிலிருந்து கிடைத்தது. ஆனால் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஐந்து கியர் பெட்டிக்குக் கம்பி தரையிலிருந்து வருமாமே? அது வேண்டாம்மா. கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கட்டும். நாற்பது வருஷமாக் கை அங்கேதான் போய்ப் பழக்கம்."

ஆக, புது எஞ்சின். பழைய கியர் பெட்டி. இந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு நான் மெக்கானிக் பாயிடம் போனேன்.

பாய் எட்டாவது வகுப்பில் அப்பாவிடம் படித்தவர். அறுபதை நெருங்குகிறார். இன்றைக்கும் அப்பாவுக்கு முன்னால் உட்கார மாட்டார். கீழவாசல் பக்கம் அவருடைய பட்டறை. டிராக்டரும் வரும், காரும் வரும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாப்பா, மேட்டூர்ல தண்ணியத் தொறந்துட்டா மட்டும் வயலுக்கு வந்துடுமா?"

"வராது."

"மேட்டூர் அணை கட்டி முடிச்சப்ப, கல்லணையிலேர்ந்து புது ஆறும் வெட்டினாங்க இல்ல? ஏன் வெட்டினாங்க? தண்ணி வர்ற இடத்தைப் பெரிசாக்கினா, அது போற வழியையும் பார்க்கணும். ஒன் எஞ்சின் மேட்டூர். சக்கரம் வயல். நடுவில இருக்கிற கிளட்ச், கியர் பாக்ஸ், ஜாயிண்ட், ஆக்ஸில் எல்லாம் வாய்க்கால். கரை பழசு. தண்ணியக் கூட்டினா எங்கே உடையும்? எங்கே மெலிசா இருக்கோ அங்கேதான் உடையும். மொதல்ல கரையைப் பார்ப்போம்."

தஞ்சாவூர் ஊருக்கு நடுவே ஓடும் புது ஆற்றைத் தினம் தாண்டிப் போகிறவள் நான். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பிறந்த கால்வாய் அது என்று பள்ளிக்கூடத்தில் படித்துமிருக்கிறேன். ஆனாலும் நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

"எத்தனை நாள் ஆகும் பாய்?"

"ஒண்ணரை மாசம் கொடு."

ஆடிப் பெருக்குக்கு மூன்று வாரந்தான் இருந்தது. அன்று அப்பாவையும் அம்மாவையும் அந்தக் காரில் கல்லணைக்கு அழைத்துப் போவதாக நான் மனத்துக்குள் படம் போட்டு வைத்திருந்தேன். எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதிகூட முன்னாலேயே வாங்கியாகிவிட்டது. வேறோர் ஊரில், வேறொரு பட்டறையில், "பத்தே நாள்!" என்றார்கள். ஊர் பேர் எதற்கு? அவசரப்படுத்தியது நான்.

★

ஆடிப் பதினெட்டு. கல்லணையில் கூட்டம் சொல்லி முடியாது. காவேரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிற இடத்தில் நின்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காதோலை கருகமணி விட்டாயிற்று. புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் மூன்றும் தீர்ந்தன. அத்தையும் அத்தையின் பேரனும் கூட வந்திருந்தார்கள். போகும்போது வண்டி பறந்தது. "அடேயப்பா!" என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னொரு எஞ்சின்கூட வாங்கியிருப்பேன்.

திரும்பி வரும்போதுதான் வந்தது வினை. கரை மேல் ஏறுகிற ஒரு மேட்டில், எஞ்சின் 'ஹோ'வென்று அலறுகிறது. வண்டி மட்டும் நகர யோசிக்கிறது. பின்னாலிருந்து அத்தை, "என்னமோ கருகுற வாசனை வருதே! அடுப்பிலே எதையாவது வைத்துவிட்டு வந்தோமா?" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு கிரைண்டரில் அளவுக்கு மேல் அரிசியும் உளுந்தும் போட்டிருக்கிறீர்களா? மோட்டார் சுற்றும், கல் நிற்கும், பெல்ட் வழுக்கும், ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். கார் கிளட்ச் வழுக்குவதும் அதேதான்.

நான் பதறினேன். வண்டி மெதுவாகப் பின்னுக்கு வழிய ஆரம்பித்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியரைப் பிடித்துத் திணித்தேன். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு 'டக்' என்று ஒன்று. அவ்வளவுதான். அப்பா கையை நீட்டிப் பிரேக்கை இழுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த 'டக்' அவர் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன்.

டிராக்டர்காரர் ஒருவர் வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது எனக்கு பெர்த்தா பென்ஸ் அம்மாளின் ஞாபகம் வந்தது. மோட்டார் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து தம் தாயார் வீட்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் அந்தக் காரை ஓட்டிப் போனவர். உலகத்தின் முதல் நீண்ட மோட்டார்ப் பிரயாணம் அதுதான்! மேடு வந்தபோதெல்லாம் வண்டி திணறியது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிரேக் கட்டை தேய்ந்தபோது சக்கிலியர் கடை தேடிப்போய்த் தோல் வைத்து அடிக்கச் செய்தார். திரும்பி வந்ததும் கணவரிடம், 'மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் வேண்டும்' என்று யோசனை சொன்னார். எஞ்சினில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, அது சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் மேட்டில் முக்கியம் என்று முதலில் அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் தாயார் வீட்டுக்குப் போன ஒரு பெண்மணி!

அவர் நூறு கிலோமீட்டர் போனார். நான் கல்லணையிலிருந்து வீடு திரும்பவில்லை.

★

மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாயிடம் போய் நின்றேன். "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாதவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கியர் பெட்டியைப் பிரித்துச் சாக்கு மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். முதல் கியரில் ஒரு பல் இல்லை.

"இந்தப் பொட்டி பலமில்லாததுன்னு நினைக்காதே பாப்பா. நல்ல குடும்பத்துப் பொட்டி" என்றார்.

அது உண்மை. பிறகு நான் தேடிப் படித்துப் பார்த்தேன். 1962-ல் இங்கிலாந்தில் வந்த எம்.ஜி.பி. என்ற விளையாட்டுக் காருக்கு, எங்கள் பழைய எஞ்சின், கியர் பெட்டிக்குப் பங்காளி முறைதான் வேண்டும். அந்தப் பங்காளிப் பெட்டி 1798 சி.சி. எஞ்சினின் 95 குதிரைகளைத் தாங்கியது. 1973-ல் அதே காரில் 3528 சி.சி., 137 குதிரை எஞ்சினை வைத்தபோதுதான் கம்பெனிக்காரர்கள் பெரிய கிளட்சும் உறுதியான கியர் பெட்டியும் மாற்றினார்கள். ஆகவே 75 குதிரையை எங்கள் பெட்டி தாங்காது என்பதில்லை. பின் ஏன் பல் போயிற்று?

பாய் ஒரு தண்டைக் கையில் கொடுத்தார். கவுண்டர் ஷாஃப்ட் என்று பெயர். விரலால் தடவினால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

"ஐம்பது வருஷத்து பேரிங். தேஞ்சு போச்சு. தேஞ்சா இந்தத் தண்டும் அந்தத் தண்டும் ஒண்ணை ஒண்ணு விட்டு விலகும். பல்லு முழுசாப் பதிஞ்சு நின்னா எவ்வளவும் தாங்கும். விலகிப்போய் நுனியோட நுனி தொட்டா? நுனியாலே எதைத் தாங்க முடியும்?"

கணக்கும் போட்டுக் காட்டினார். எஞ்சின் திருப்புகிற விசை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் அது மூன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது: 35. பின் ஆக்ஸிலில் இருக்கிற கிரௌன், பினியன் அதை இன்னும் நாலு மடங்குக்கு மேல் ஆக்குகின்றன: 140. எஞ்சினில் இரண்டு கூட்டினால் பின்னால் இருபத்தெட்டு கூடும். 'கொஞ்சம் பலம்தானே கூட்டினோம்' என்று நாம் நினைக்கிறோம். கடைசியில் இருக்கிற ஹாஃப் ஷாஃப்டுக்குத்தான் அது கொஞ்சமா, நிறையவா என்று தெரியும்.

மருந்தும் அதற்குத் தக்கபடிதான். பேரிங்குகள் எல்லாம் புதுசு. கவுண்டர் ஷாஃப்ட் புதுசு. தண்டுகள் முன்னும் பின்னும் நகராமல் இருக்க வைக்கிற வாஷர்களைத் தடிமன் பார்த்துப் பார்த்து மாற்றினார். சாய்ந்த பல் வெட்டிய கியர்கள் சுமை ஏறும்போது பக்கவாட்டில் நெட்டித் தள்ளும். அந்த வாஷர்தான் அதைத் தடுக்கிற கரை. பல் போன கியரை மட்டும் மாற்றாமல், அதோடு ஜோடி சேர்கிற கியரையும் மாற்றினார். "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா ஒத்து வராது பாப்பா. மாமியார் மருமக மாதிரி சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். வெண்கல ஸிங்க்ரோ வளையங்களும் புதுசு. "ரொம்ப உரமான எண்ணெயா ஊத்துவோம்" என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். "கூடாது" என்றார். பின் ஆக்ஸிலுக்கென்று தயாரிக்கிற சில எண்ணெய்களில் இருக்கிற கந்தகச் சரக்கு வெண்கலத்தை அரித்துவிடுமாம். எந்தெந்த இடத்துக்கு எது என்று இருக்கிறது. ரசத்துக்கு ரசப்பொடி, சாம்பாருக்குச் சாம்பார்ப்பொடி!

இன்னொரு கோளாறும் அகப்பட்டது. புது எஞ்சினையும் பழைய பெட்டியையும் இணைக்க அந்த அவசரப் பட்டறையில் ஓர் இரும்புத் தட்டு கடைந்து போட்டிருந்தார்கள். பாய் அதன் மேல் டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் ஆடியது. நடுமையம் ஒரு தலைமுடி அளவு தள்ளியிருந்தது! அந்தத் தலைமுடிதான் ஒவ்வொரு சுற்றிலும் தண்டை வளைத்து வளைத்து நிமிர்த்தியிருக்கிறது. தட்டை லேத்துக்கு அனுப்பி, முள் ஆடாமல் நிற்கும்வரை விடவில்லை.

★

அடுத்தது கிளட்ச்.

கிளட்ச் என்பது வேறொன்றுமில்லை. எஞ்சினோடு சுற்றுகிற கனமான சக்கரம் ஒன்று. அதன் மேல் அழுத்துகிற இரும்பு வட்டம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தோசை மாதிரி ஒரு தட்டு. அந்தத் தட்டுதான் கியர் பெட்டிக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிடி விடும். காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பலத்தைத் தாங்கும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: அழுத்துகிற ஸ்பிரிங்கின் வலிமை, தட்டின் மேல் ஒட்டியிருக்கிற பொருளின் சொரசொரப்பு, வட்டத்தின் அகலம். என் அவசரத்தில் பழைய சின்னத் தட்டையும் பழைய ஸ்பிரிங்கையுமே புது எஞ்சினில் பூட்டியிருந்தார்கள். அத்தைக்கு அடுப்பு ஞாபகம் வந்தது அதனால்தான்.

"ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாப் போட்டுடுங்க பாய்! வழுக்கவே கூடாது!" என்றேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை மிதிக்கப் போறது யாரு?"

நான் வாயடைத்துப் போனேன்.

கெட்டி ஸ்பிரிங் என்றால் கெட்டிப் பெடல். இருபத்தைந்து வயதுப் பந்தயக்காரனுக்கு அது பொருட்டல்ல. என் அப்பாவின் இடது முழங்காலுக்கு? எந்த முழங்காலுக்காக இந்தப் பாட்டையெல்லாம் தொடங்கினேனோ, அதையே மறந்துவிட்டு 75 குதிரைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். புது எஞ்சின் போட்டால் உற்சாகம் வந்துவிடும் என்று நினைத்தேனே, முழங்காலுக்கு என்ன செய்தேன்? ஒன்றும் இல்லை!

"சொரசொரப்பான பொருள் போடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"டிராக்டர்ல போடறாங்களே, உலோகப் பட்டன் தட்டு. அது பிடிக்கும். ஆனா நாய் கவ்வற மாதிரி வெடுக்குன்னு பிடிக்கும். வண்டி குதிக்கும். அந்த அதிர்ச்சி முழுக்கக் கியர் பல்லுக்குத்தான் போகும். ஒரு விஷயம் தெரிஞ்சுக்க பாப்பா. கிளட்ச் கொஞ்சம் வழுக்கறது குத்தமில்லே. தாங்க முடியாதப்ப அது கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், கியரைக் காப்பாத்தும். வழுக்கவே வழுக்காத கிளட்ச் போட்டா, அடுத்தாப்பல எது உடையுதுன்னு பார்த்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்."

கடைசியில் அவர் செய்தது இது. அகலம் கூடிய தட்டு. அதை அழுத்துவதற்குச் சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதில், தாம்பாளம் போல் வளைந்த ஒற்றை ஸ்பிரிங். 'டயஃப்ரம்' என்கிறார்கள். சுருள் ஸ்பிரிங் மிதிக்க மிதிக்கக் கனக்கும். இது பாதிக்கு மேல் போனால் இலேசாகிவிடும். இஸுஸு எஞ்சினோடு பிறந்த கிளட்சே இந்த ஜாதிதான். தட்டின் நடுவே இருக்கிற குழலை மட்டும் எங்கள் பழைய தண்டின் பற்களுக்குப் பொருந்துவதாக மாற்றி வைத்தார். பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே பிரேக்கில் இருப்பதுபோல எண்ணெய்க் குழாய். மிதிக்கிற பக்கம் சின்ன சிலிண்டர், தள்ளுகிற பக்கம் பெரிய சிலிண்டர். கால் கொஞ்சம் அதிக தூரம் போக வேண்டும். ஆனால் கனம் பாதியாகக் குறையும். மேட்டூரும் வாய்க்காலும் பொருந்தின. மடை திறக்கிற கைக்கும் சௌகரியமாயிற்று.

ஒன்றரை மாதம் என்றவர் சரியாக ஒன்றரை மாதத்தில் முடித்தார். "முதல் ஐநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டு. புதுத் தட்டு பழகணும். பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதே" என்றார். கூலியைப் பேசும்போது மட்டும் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு மிகவும் குறைவாகச் சொன்னார். அம்மா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மீதியையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள்.

★

அப்பா படுதாவை எடுத்தார். ஆசனத்தில் உட்கார்ந்து கிளட்சை ஐந்து தடவை மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முழங்காலையும் பார்த்துக்கொண்டார். "வலிக்கலே" என்றார், ஏதோ தவறு செய்து அகப்பட்டுக்கொண்ட பையன் மாதிரி.

தெருக் கோடி வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். கையைத் தூக்கி, ஸ்டியரிங்கின் பக்கத்திலிருந்த கியர்க் கம்பியை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"காலுக்குச் சரியாப் போச்சும்மா. கண்ணுதான் சாயந்திரமானா மங்குது. இத்தனை பேரை வெச்சுக்கிட்டு ரோட்டிலே போறது நியாயமில்லே. நான் பக்கத்திலே உட்கார்ந்து வரேன். நீ ஓட்டு."

எனக்குத் தொண்டையை அடைத்தது. அவருக்காகச் செய்த கிளட்ச் எனக்கு வந்து சேர்ந்தது.

தை மாதம் அறுவடைக்கு நிலத்துக்குப் போனோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறு, ஐந்து பாலம். ஒவ்வொரு பாலத்துக்கும் கியர் மாற்றியாக வேண்டும். வடவாற்றுப் பாலத்தில் நான் கிளட்சை மிதித்தபோது பக்கத்தில் ஏதோ அசைந்தது. பார்த்தேன். அப்பாவின் இடது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வெண்ணாற்றிலும் அப்படியே, வெட்டாற்றிலும் அப்படியே. அவர் வெளியே நெல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. என் கால் சில தடவை முந்தியது. சில தடவை பிந்தியது.

காவேரிப் பாலத்தின் ஏற்றத்தில் ஒரு வாத்துக் கூட்டம் குறுக்கே வந்துவிட்டது. நானூறோ ஐந்நூறோ இருக்கும். வண்டி ஊர்ந்தது, நிற்கவுமில்லை. முதல் கியர் வேண்டும். அன்றைக்கு 'டக்' என்று போன அதே கட்டம்! என் கை கம்பியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது கியர்களுக்கு ஸிங்க்ரோ வளையம் உண்டு. சுற்றுகிற வேகங்களை அதுவே ஒன்றாக்கிக் கொடுத்துவிடும். 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்த உபாயம் அது. எங்கள் பழைய பெட்டியில் முதல் கியருக்கு மட்டும் அது கிடையாது. அதை ஓட்டுகிறவர்தான் செய்துகொள்ள வேண்டும்.

"மிதி" என்றார் அப்பா, வாத்துகளைப் பார்த்துக்கொண்டே. "நியூட்ரலுக்கு வா. காலை எடு. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடு, கொஞ்சம்தான். இப்ப மறுபடி மிதி. கம்பியைத் தள்ளாதே, கூப்பிடு, அதுவே போகும்."

மிதித்தேன். அப்பாவின் காலும் மிதித்தது. இந்தத் தடவை முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. கம்பி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. எழுபத்தைந்து குதிரைகளும் சாதுவாக மேடு ஏறின. வாத்துகள் கரையிறங்கிப் போயின.

பின்னாலிருந்து அம்மா, "ஏண்டி, சத்தமே கேட்கலியே? கியர் மாத்தினியா இல்லியா?" என்று கேட்டாள்.

"மாத்தினோம்" என்றார் அப்பா.